சேற்றில் விளையும் சிவப்பு

கொடைக்கானல் ஏரியில் தூண்டில் போட்டுக் காத்திருப்பவர்களுக்கு நன்கு பழக்கப்பட்ட மீன் சாதாக் கெண்டை. ஏரியும் இயற்கையானதல்ல, கெண்டையும் இந்த மலைக்கு உரியதல்ல. மதுரை ஆட்சியராக இருந்த வெரே ஹென்றி லெவிஞ்ச் 1863-இல் ஓடைநீரைக் கரை கட்டித் தேக்கி ஏரியை உண்டாக்கினார். கெண்டை வந்து சேர்ந்தது அதற்கும் பல பத்தாண்டுகள் கழித்து. ஐரோப்பிய வகைக் கெண்டை 1939-இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டது. பின்னர் கொடைக்கானல் உள்ளிட்ட மற்ற மலை நீர்நிலைகளுக்கும் பரவியது.

அப்படி வந்த மீன்களில் ஒரு வகை பார்த்தவுடன் அடையாளம் தெரியும். உடல் முழுக்கச் செதில் இருக்காது. முதுகோரமும் பக்கவாட்டிலும் பெரிய பெரிய செதில்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக மின்னும். மற்ற இடமெல்லாம் வெறும் தோல். இதுதான் கண்ணாடிக் கெண்டை. குழம்புக்குப் போகும் இந்த மீனுக்கும், வண்ணமீன் கடைகளில் சிவப்பும் வெள்ளையுமாக நீந்தும் கோய் மீனுக்கும் நெருங்கிய உறவு உண்டு. கோய், கெண்டையின் கிழக்காசியக் கிளையிலிருந்து வந்தது. அந்தக் கிளையைத் தனி இனமாகவே பிரிக்கும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். ஆனால் இரண்டும் கூடினால் குஞ்சு பொரிக்கும்; அந்தக் குஞ்சும் வளர்ந்து இனம் பெருக்கும். வாயோரம் தொங்கும் இரண்டு சோடி மீசையும் இரண்டுக்கும் பொது. தங்கமீனுக்கு அந்த மீசை கிடையாது.

செதிலைத் தொலைத்த மரபணு

ஜப்பானுக்கு 1904-இல் ஜெர்மனியிலிருந்து கண்ணாடிக் கெண்டை போயிற்று. சாப்பாட்டுக்காகத்தான். சில ஆண்டுகளில் அகியாமா கிச்சிகோரோ என்ற வளர்ப்பாளர் அதை நீலச்சாம்பல் நிற அசாகி வகைக் கோயுடன் கலந்தார். முதுகில் ஒரே வரிசைச் செதிலும் நீல மேனியும் கொண்ட ஷூசுய் வகை 1910 வாக்கில் பிறந்தது. அதாவது கோய்ப் போட்டிகளில் இன்று பரிசு வாங்கும் ஷூசுய் மீனுக்கும், நம் மலை ஏரிகளுக்கு வந்த கண்ணாடிக் கெண்டைக்கும் செதில் குறைந்தது ஒரே ஐரோப்பிய வழியில்.

இந்தச் செதில் குறைவுக்குக் காரணமான மரபணு 2009-இல் அடையாளம் காணப்பட்டது. செதில் மட்டுமல்லாமல் உடலின் பல பகுதிகள் உருவாவதற்கும் தேவையான, வளர்ச்சிச் செய்தியை வாங்கும் புரதத்துக்கான மரபணு அது. பழுதானால் கரு பிழைப்பதே கடினம். ஆனால் கெண்டையின் மூதாதையரிடம் மரபுத்தொகுதி முழுவதும் ஒருமுறை இரட்டிப்பானது. அதனால் கெண்டையிடம் அந்த மரபணுவின் பிரதி இன்னொன்றும் இருக்கிறது. ஒன்று கெட்டால் செதில் மட்டும் போகும். உயிரை மற்றொன்று காப்பாற்றும்.

எல்லாச் செதில் மரபணுவும் இவ்வளவு சாதுவானதல்ல. அறவே செதிலற்ற ‘தோல் கெண்டை’யை உண்டாக்கும் இன்னொரு மரபணு உண்டு. அது தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் சேர்ந்து வந்தால் கரு இறந்துவிடும். ஆகவே இரண்டு தோல் கெண்டைகளை இணை சேர்ப்பவர் கால்பங்கு சந்ததியைத் தொடக்கத்திலேயே இழப்பார்.

பனி மலையின் நெல் வயல்களில்

கோய் பிறந்த இடம் ஜப்பானின் நீகாதா மாகாணத்து மலைக் கிராமங்கள். ஒஜியா, யமகோஷி ஆகிய ஊர்களைச் சுற்றிய சரிவுகளில் படிப்படியாக நெல் வயல்கள். அவற்றுக்கு நீர் தேக்க மேலே சிறு குளங்கள். குளிர்காலத்தில் ஆளுயரத்துக்கும் மேலே பனி குவிந்து பாதை அடைபட்டுவிடும். அந்த மாதங்களில் புரதத்துக்கு வழி வேண்டும் என்று குளத்தில் கெண்டை வளர்த்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவற்றில் எப்போதாவது சிவப்புத் திட்டோடு ஒரு மீன் தென்பட்டது. அதைச் சட்டியில் போடாமல் யாரோ தனியே வளர்த்தார்கள். 1914-இல் டோக்கியோவில் நடந்த பொருட்காட்சியில் இந்த மீன்கள் வைக்கப்பட்ட பிறகுதான் வெளியூர்க்காரர்களுக்குக் கோய் தெரியவந்தது.

இன்றும் அங்கே உயர்தரக் கோய் மீன்கள் சேற்றுக் குளத்தில்தான் வளர்கின்றன. பனி உருகிய பின் குளத்தைக் காயவிட்டு, சுண்ணாம்பு தூவி, எரு இட்டு, நீர் நிரப்புகிறார்கள். வெயில் தொடங்கியதும் மீன் இறங்குகிறது. அக்டோபரில் நீர் குளிரத் தொடங்கியதும் வலை போட்டு மீன்களை எடுத்து, கூரையிட்ட தொட்டிகளுக்கு மாற்றுகிறார்கள். 2004 அக்டோபர் 23 அன்று நீகாதாவைப் பூகம்பம் தாக்கியது சரியாக இந்த அறுவடைக் காலத்தில். கரைகள் உடைந்து குளங்கள் வற்றின. யமகோஷி மக்கள் ஹெலிகாப்டரில் வெளியேற்றப்பட்டார்கள்.

சிமெண்ட் தொட்டியும் வடிகட்டியும் ஏரேட்டரும் இருக்கும் காலத்தில் ஏன் இன்னும் சேற்றுக் குளம்? பழக்கத்தால் மட்டுமல்ல. மீனின் சிவப்பு தொடங்குவதே அங்கிருந்துதான்.

நிறம் வந்த வழி

கோயின் தோலில் நிற உயிரணுக்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. கறுப்பு மெலனினால் வருவது. மீன் தன் உடலிலேயே அதைச் செய்துகொள்ளும். மினுமினுப்பு, குவானைன் என்ற பொருளின் மெல்லிய படிகங்களில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது. அதுவும் சொந்த உற்பத்திதான். சிவப்பு மட்டும் கடன். ஆரஞ்சுக்கும் சிவப்புக்கும் காரணமான கரோட்டினாய்டுகளை எந்த மீனாலும் ஆதியிலிருந்து உருவாக்க முடியாது. சாப்பாட்டில் வந்தால் உண்டு, இல்லாவிட்டால் வெளிறும்.

சேற்றுக் குளத்தில் அந்தச் சாப்பாடு இப்படி உருவாகிறது. எருவிலிருந்து நைட்ரஜனும் பாஸ்பரசும் நீரில் கரைகின்றன. வெயில் பட்டு நுண்பாசிகள் பெருகி நீர் பச்சையாகிறது. பாசி கரோட்டினாய்டுகளைச் செய்கிறது. அதைத் தின்னும் கோப்பிபாட், டாஃப்னியா போன்ற மிதவை உயிர்களில் அந்த நிறமி சேர்கிறது. நன்கு தின்ற கோப்பிபாடை உருப்பெருக்கியில் பார்த்தால் செம்மஞ்சளாகத் தெரியும். அவற்றைக் கெண்டை தின்கிறது. பாசியில் உள்ள சியாசாந்தினை, சிவப்பான அஸ்டாசாந்தினாக மாற்றும் திறன் கெண்டைக்கும் தங்கமீனுக்கும் உண்டு. இறால் கலக்காத, வெறும் ஸ்பைருலினாப் பாசி சேர்த்த தீவனமும் கோயைச் சிவக்கவைப்பது இதனால்தான். நிலக்கோட்டைச் சந்தைக்கு மூட்டை மூட்டையாக வரும் செண்டுமல்லியின் இதழிலும் லூட்டின் என்ற கரோட்டினாய்டு நிறைந்திருக்கிறது. கோழி முட்டையின் மஞ்சள் கருவுக்கு நிறம் கூட்டப் பயன்படும் அந்த இதழ்ப்பொடியை வண்ணமீன் தீவனத்திலும் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள்.

கெண்டை சேற்றைத் தின்னும் விதமும் விசித்திரமானது. வாயைக் குழாய்போல் நீட்டி ஒரு வாய்ச் சேற்றை உறிஞ்சும். மேலண்ணத்தில் சதைப்பற்றான ஓர் உறுப்பு. அதன்மேல் சுவை மொட்டுகள் நெருக்கமாக அப்பியிருக்கின்றன. சேற்றுக்குள் எந்த இடத்தில் புழு இருக்கிறதோ, அந்த இடத்தில் மட்டும் அண்ணம் புடைத்து இரையை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். மண் செவுள் வழியாக வெளியே போய்விடும். பிடித்த இரையைத் தொண்டைப் பற்கள் அரைக்கும். இப்படி நாளெல்லாம் தரையைக் கிளறுவதால் நீர் எப்போதும் கலங்கியே கிடக்கும். அந்தக் கலங்கலே மீன்கொத்தியிடமிருந்தும் நீர்க்காகத்திடமிருந்தும் அதை மறைக்கிறது.

வளர்ப்பவரிடமிருந்தும் மறைக்கிறது. இறக்கிவிட்ட மீன் என்ன ஆயிற்று, சிவப்பு பரவியதா சுருங்கியதா, கறுப்பு மேலே வந்ததா என்பது மாதக்கணக்கில் தெரியாது. வலை வரும் நாளில்தான் தெரியும்.

வலை இழுக்கும் நாள்

திண்டுக்கல், மதுரை, சிவகங்கை மாவட்டங்களில் கோடையில் கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊர்ப் பெரியவர் துண்டை வீசியதும் ஊத்தா, கச்சா, கொசுவலை என்று கையில் கிடைத்ததோடு மொத்தச் சனமும் சேற்றில் பாயும். அகப்பட்ட மீன் அன்றே குழம்பு. செதில் உதிர்ந்தால் என்ன, உதிராவிட்டால் என்ன? கோய் அறுவடையில் எல்லாமே இதற்குத் தலைகீழ். ஒரு செதில் உதிர்ந்தாலும் விலை இறங்கும். மீனே இறந்தும் போகலாம்.

வேலை இரண்டு மூன்று நாள் முன்பே தொடங்குகிறது. முதலில் தீவனத்தை நிறுத்துவார்கள். குடல் காலியானால் கொண்டுபோகும் வழியில் கழிவு குறையும், அம்மோனியாவும் குறையும். பிறகு மடையில் வலைத்தடுப்பு வைத்து நீரை மெல்ல இறக்குவார்கள். ஒரேயடியாக வடித்தால் மீன்கள் ஆழமான மூலையில் நெருக்கியடிக்கும். அடிச்சேறு கலங்கினால் வேறொரு ஆபத்தும் உண்டு. காற்றுப் படாத கறுஞ்சேற்றில் ஹைட்ரஜன் சல்ஃபைடு தங்கியிருக்கும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அது வெளியேறுகிறது என்று பொருள். மிகச் சிறிய அளவிலும் அது மீனின் மூச்சை முடக்கும்.

எந்த நேரத்தில் வலையை இறக்குவது என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. விடியற்காலையில் நீர் குளிர்ச்சி, மீன் துள்ளாது. ஆனால் பச்சை நீர்க்குளத்தில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருப்பதும் அதே விடியலில்தான். இரவு முழுக்கப் பாசியும் ஆக்சிஜனைச் செலவழித்திருக்கும். அதனால் இரவெல்லாம் ஏரேட்டரை ஓடவிட்டு, வெயில் ஏறும் முன் இழுப்பார்கள். அல்லது சூரியன் சற்று மேலே வந்து பாசி வேலை தொடங்கும்வரை பொறுப்பார்கள்.

வலை முடிச்சில்லாத, மெத்தென்ற நூல்வலை. அடிக்கயிறு தரையை விட்டு எழும்பக்கூடாது, சேற்றில் புதையவும் கூடாது. கெண்டை சளைத்த மீனல்ல. அடிக்கயிறு ஒரு சாண் தூக்கினாலும் சேற்றில் தலையைச் செருகி மறுபக்கம் போய்விடும். இரு கரையிலும் ஆட்கள் ஒரே வேகத்தில் நடக்க, நடுவில் ஒருவர் காலால் கயிற்றை மிதித்தபடி வருவார். வட்டம் சுருங்கியதும் இழுப்பதை நிறுத்திவிட்டு மீனை அடங்கவிடுவார்கள். பிறகு நீரோடு சேர்த்துத் தொட்டிக்கு எடுப்பார்கள். பெரிய மீனுக்குத் துணிக்குழாய்போல இருபக்கமும் திறந்த நீள வலை. மீன் தானே தலையை நுழைக்கும், இரு முனையையும் பிடித்து நீரோடு தூக்குவார்கள். நீர் இல்லாமல் கையில் தூக்கினால் அதன் எடையே அதன் உள்ளுறுப்புகளுக்குப் பகை.

இவ்வளவு பதனம் எதற்கு? நன்னீர் மீனின் இரத்தத்தில் 0.8 முதல் 0.9 சதவீத உப்புக்கு ஈடான கரைபொருள் இருக்கிறது. வெளியே உள்ள நீரிலோ ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆகவே நீர் ஓயாமல் உடலுக்குள் ஊறிக்கொண்டே இருக்கும். மீன் அதைச் சிறுநீராக வெளியேற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இந்த ஊறலைத் தடுக்கும் அரண் தோலின் வழவழப்பும் செதிலும். வலை உரசி அது போனால் நீர் வேகமாக உள்ளே புகும். ஏரோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்களுக்கும் வாசல் திறக்கும். பிடித்த மீனை 0.3 சதவீத உப்பு நீரில், அதாவது ஆயிரம் லிட்டருக்கு மூன்று கிலோ கல்லுப்பு கரைத்த நீரில் வைப்பது இந்தச் சுமையைக் குறைக்கத்தான்.

தொட்டியில் மீன் அடங்கிய பிறகு கண்ணின் வேலை. கோயை எப்போதும் மேலிருந்துதான் பார்ப்பார்கள். சிவப்புத் திட்டின் விளிம்பு கூர்மையாக இருக்கிறதா, வெள்ளை பால்போல் தெளிவா, மஞ்சள் படிந்ததா, உடல்வாகு தோணிபோல் இருபுறமும் சமமா என்று பார்த்துப் பிரிப்பார்கள். இது முதல் பிரிப்புமல்ல. கெண்டை தன் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு லட்சத்துக்கும் மேலான முட்டை இடும். அவற்றைப் பிடித்துக்கொள்ள நம் பண்ணைகளில் வேலம்பாசியையோ பிரித்த நைலான் கயிற்றையோ தொட்டியில் மிதக்கவிடுவார்கள். ஷோவா என்ற கறுப்பு-சிவப்பு-வெள்ளை வகையில் பொரித்த சில நாளிலேயே கறுத்த குஞ்சுகளை வைத்துக்கொண்டு மற்றதைக் கழிப்பார்கள். சிவப்பு-வெள்ளை கோஹாகுவுக்கு ஒரு மாதமாவது பொறுக்க வேண்டும். பல கழிப்புகளைத் தாண்டியவைதான் பெரிய குளத்தில் இறங்குகின்றன. அவற்றிலும் அறுவடையன்று தேறுபவை கொஞ்சமே.

மலையின் படிகளில் பருவங்கள்

தமிழகத்தில் கோய் வளர்ப்புக்கும் விற்பனைக்கும் பேர்போன இடம் சென்னை கொளத்தூரும் அதைச் சுற்றிய பகுதிகளும். அங்கே கோய் ஆண்டு முழுக்க வளரும், சீக்கிரமே சினையாகும். வெப்பத்தில் குறையே இல்லை, குறைவது குளிர்தான். கோடையின் வெப்பத்தில் வேகமாக வளர்வதும், பிறகு இலையுதிர்காலக் குளிரில் வளர்ச்சி தணிவதும் நீகாதாவில் ஒரே குளத்தில் அடுத்தடுத்து நடக்கின்றன. சதை வளரும் வேகம் தணியும்போதுதான் நிறம் அழுத்தமாக இறுகுகிறது என்பது அங்குள்ள வளர்ப்பவர்களின் அனுபவம்.

கொடைக்கானல் அமைந்த பழனி மலையில் இந்த இரு பருவங்களும் மாதங்களாக வராமல் உயரங்களாகக் கிடக்கின்றன. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 6 டிகிரி குறையும். வத்தலகுண்டு வெயிலுக்கும் கொடைக்கானல் குளிருக்கும் இடையே மூன்று மணி நேரத்துக்கும் குறைவான சாலைப் பயணம். கெண்டை நன்றாக வளர 22 முதல் 28 டிகிரி வேண்டும். முட்டையிட 18-க்கு மேல் வேண்டும். 10-க்குக் கீழே போனால் தின்பதையே ஏறக்குறைய நிறுத்திவிடும். கொடைக்கானலில் கோடையிலும் பகல் உச்சம் சராசரியாக 20 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. ஏரியில் கெண்டை பிழைக்கும். ஆனால் கோய்ப் பண்ணைக்கு வேண்டிய வேகத்தில் வளராது. கணக்குப்படி பொருந்துவது நடுமலை. தாண்டிக்குடி, பண்ணைக்காடு போன்ற காபித் தோட்டப் பகுதிகளின் உயரத்தில் பகல் வெயில் வளர்ச்சிக்குப் போதும், இரவுக் குளிர் அதைத் தணிக்கவும் செய்யும்.

உயரம் ஏற ஏறக் காற்று மெலிவதால் ஆக்சிஜன் குறையுமே என்ற கேள்வி வரும். குறையும். ஆனால் குளிர்ந்த நீர் அதிக ஆக்சிஜனைக் கரைத்துக்கொள்ளும். மதுரையில் 28 டிகிரி நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 7.7 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும். கொடைக்கானல் உயரத்தில் 16 டிகிரி நீர் பிடிப்பதும் ஏறக்குறைய அதே 7.7 தான். குளிரும் உயரமும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன. குளிரில் மீனின் தேவை குறைவதால் லாபம் மலைக்குத்தான்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பழனி மலையின் சார்னோகைட் பாறை எளிதில் கரையாது. அதன்மேல் ஓடிவரும் நீர் மென்மையானது. சுண்ணாம்புச் சத்து குறைவு. கோயின் வெள்ளைக்கும் சிவப்புக்கும் மென்னீர் நல்லது என்று வளர்ப்பவர்கள் சொல்வார்கள். ஆனால் பச்சை நீர்க்குளத்துக்கு அது ஆபத்து. நடுப்பகலில் பாசி கரியமில வாயுவை உறிஞ்சித் தீர்க்கும்போது, தாங்கிப்பிடிக்கச் சுண்ணாம்பு இல்லாத நீரின் பி.எச். 9-ஐத் தாண்டிவிடும். அந்த அளவில் அம்மோனியாவின் கணிசமான பகுதி நச்சு வடிவுக்கு மாறும். நீகாதாக்காரர்கள் வெறுங்குளத்தில் சுண்ணாம்பு தூவுவதன் பொருள் இங்கே விளங்கும்.

குளத்தின் எல்லை

மலை தரும் குளிருக்கு ஒரு விலையும் உண்டு. கோய் ஹெர்ப்பிஸ் வைரஸ் 1998-இல் இஸ்ரேலில் வெளிப்பட்டது. 2003-இல் ஜப்பானின் காசுமிகாவுரா ஏரியில் ஆயிரம் டன்னுக்கும் மேலான கெண்டை அதனால் இறந்தது. அங்கே செத்தது கோய் அல்ல, உணவுக்காக வளர்த்த சாதாக் கெண்டை. இந்த வைரஸ் தீவிரமாகச் செயல்படுவது சுமார் 16 முதல் 28 டிகிரி வரை. கோயை அடித்தரையில் சோம்பிக் கிடக்கவைக்கும் கெண்டை நீர்க்கோவை வைரஸுக்கும் மிதமான குளிருள்ள நீரே பிடிக்கும். அது இந்தியக் கோய்ப் பண்ணைகளிலும் பதிவாகியிருக்கிறது. கோய்க்கு உகந்த நடுமலையின் வெப்பமே இந்த இரண்டுக்கும் உகந்த வெப்பம். நோயிலிருந்து பிழைத்த மீன், பார்வைக்கு நலமாக இருந்தபடியே ஹெர்ப்பிஸ் வைரஸைச் சுமக்கும்.

நோய் இல்லாவிட்டாலும் கெண்டை தப்பிப்போகக் கூடாத மீன். காஷ்மீரின் தால் ஏரியில் கெண்டை பெருகிய பிறகு அங்குள்ள சொந்த மீன்களான ஸ்கைசோதோராக்ஸ் இனங்கள் அருகின. பழனி மலையின் ஓடைகள் ஒருபுறம் வைகைக்கும் மறுபுறம் அமராவதி வழியாகக் காவிரிக்கும் போகின்றன. கொடைக்கானல் ஏரி நிரம்பி வழியும் நீர்தான் வெள்ளி நீர்வீழ்ச்சியாக விழுகிறது. மேலே விட்ட மீன் மேலேயே இருந்துவிடும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. நீர்நாய்கள் வாழும் ஓடைகள் இவை. 2013 முதல் மலையின் கணிசமான பகுதி வனவிலங்குச் சரணாலயமும்கூட.

ஆகவே பழனி மலையில் சேற்றுக் குளம் வெட்டி வண்ணமீன் வளர்க்க நினைப்பவர் மூன்றை மறக்கக்கூடாது. ஓடைப் பாதையில் குளம் வெட்டாதீர்கள். வெளிமடையில் குஞ்சும் நுழையாத கண்ணியுள்ள வலைத்தடுப்பு போடுங்கள். வெளியிலிருந்து வாங்கிய மீனை மூன்று நான்கு வாரமாவது தனித்தொட்டியில், 20 டிகிரிக்கு மேலான நீரில் வைத்துப் பார்த்த பின்பே குளத்தில் இறக்குங்கள். வீட்டுத் தொட்டியில் கோய் வளர்ப்பவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: மீன் பெரிதாகி இடம் போதாமல் போனால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள், வேண்டுபவருக்குக் கொடுங்கள். இரக்கப்பட்டு ஏரியிலோ ஓடையிலோ விடாதீர்கள்.